எண்டோமெட்ரியோசிஸ்: பரம்பரைக் காரணங்களும் நோயின் அடையாளங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதவிடாய் வலியில் சுருண்டு படுக்கும் பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “எனக்கும் அப்படித்தான் இருந்தது. போகப் போகச் சரியாகிவிடும்.” ஆறுதலாகச் சொல்லப்படும் அந்த வாக்கியத்துக்குள் ஒரு முக்கியமான மருத்துவத் தகவல் ஒளிந்திருக்கிறது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே மாதிரியான கடும் வலி இருந்திருக்கிறது என்பதே அது. மருத்துவரிடம் போகாமல் இருப்பதற்கு அது காரணமாகக்கூடாது. சீக்கிரம் போவதற்கே அது காரணமாக வேண்டும்.

எண்டோமெட்ரியோசிஸ் என்றால் என்ன?

கருப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே வேரூன்றி வளர்வதுதான் இந்த நோய். இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இது மூன்று வடிவங்களில் காணப்படுகிறது. அடிவயிற்றின் உள்ளுறை மீது மேலோட்டமான திட்டுகளாகப் படர்வது ஒன்று. சினைப்பைக்குள் பழைய இரத்தம் தேங்கிக் கட்டியாவது இன்னொன்று. உள்ளே இருக்கும் திரவத்தின் நிறத்தால் இதை ‘சாக்லேட் கட்டி’ என்கிறார்கள். மூன்றாவது, மலக்குடல், சிறுநீர்ப்பை, கருப்பையைத் தாங்கும் தசைநார்கள் போன்றவற்றுக்குள் ஆழமாக ஊடுருவும் வகை. ஒரே பெண்ணுக்கு மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம்.

இந்தத் திசு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை நம்பி வளர்கிறது. ஈஸ்ட்ரோஜனின் வேலையைக் கட்டுப்படுத்த வேண்டிய புரோஜெஸ்டிரோனுக்கு அது சரியாகச் செவிசாய்ப்பதில்லை. விளைவாகச் சுற்றிலும் நாள்பட்ட அழற்சி, தழும்புகள், உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுதல், புதிய நரம்பிழைகள் முளைத்தல் எல்லாம் நடக்கின்றன. வலியின் ஊற்று இங்கேதான்.

இது எதனால் வருகிறது?

ஒரே காரணத்தைச் சுட்ட முடியாது. அதிகம் பேசப்படும் விளக்கம், அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1920-களில் முன்வைத்தது. மாதவிடாய் இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய்கள் வழியாகப் பின்னோக்கிச் சென்று வயிற்றறைக்குள் விழுகிறது. அதிலுள்ள செல்கள் அங்கேயே ஒட்டி வளர்கின்றன என்பது அவருடைய கருத்து. ஆனால் இந்தப் பின்னோட்டம் பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது, நோயோ பத்தில் ஒருவருக்குத்தான் வருகிறது. அப்படியானால் சிலருடைய உடல் மட்டும் அந்தச் செல்களை ஏன் அப்புறப்படுத்தத் தவறுகிறது? ஹார்மோன், நோயெதிர்ப்பு, மரபணு மூன்றும் கதைக்குள் வருவது இந்தக் கேள்வியால்தான். நுரையீரல் போன்ற தொலைவான இடங்களில் நோய் தோன்றுவதையும் பின்னோட்டத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது.

அப்படியானால் இது பரம்பரை நோயா?

பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு ஒரே ஒரு மரபணுவால் கடத்தப்படும் நோய் அல்ல இது. நூற்றுக்கணக்கான சிறு சிறு மரபணு வேறுபாடுகள் சேர்ந்து ஆபத்தைக் கூட்டுகின்றன அல்லது குறைக்கின்றன. சர்க்கரை நோயும் ஆஸ்துமாவும் குடும்பங்களில் வருவது போன்ற ஏற்பாடுதான்.

இதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. 1980-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, நோயுள்ள பெண்களின் தாய்மார்களிலும் சகோதரிகளிலும் சுமார் 7 சதவீதம் பேருக்கு நோய் இருந்ததையும், கணவர் வழி உறவுப் பெண்களில் அது 1 சதவீதம் மட்டுமே என்பதையும் காட்டியது. ஐஸ்லாந்தில் நாட்டு மக்களின் வம்சாவளிப் பதிவுகளை வைத்து 2002-இல் நடந்த ஆய்வில், நோயுள்ள பெண்ணின் சகோதரிக்கு ஆபத்து ஐந்து மடங்கு என்றும், பெற்றோரின் உடன்பிறந்தோருடைய மகள்களுக்கு ஒன்றரை மடங்கு என்றும் தெரியவந்தது. ஆஸ்திரேலியாவிலும் ஸ்வீடனிலும் இரட்டையரிடம் நடத்திய ஆய்வுகள், நோய் வருவதிலுள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியை மரபணுக்கள் விளக்குகின்றன என்று கணக்கிட்டன.

‘பாதி’ என்றால், எனக்கு இருந்தால் என் மகளுக்கு 50 சதவீத வாய்ப்பா?

இல்லை. இந்தக் கேள்வியைப் பல தாய்மார்கள் பயத்தோடு கேட்கிறார்கள், அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மக்கள்தொகையில் சிலருக்கு நோய் வருவதும் சிலருக்கு வராததும் ஏன் என்பதில் மரபணுக்களுக்கு எவ்வளவு பங்கு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. தனி ஒருவரின் வாய்ப்பை அது சொல்வதில்லை. உங்களுக்கு நோய் இருந்தால் உங்கள் மகளுக்கு மற்றவர்களைவிட ஆபத்து சில மடங்கு கூடுதல், அவ்வளவுதான். நோயுள்ள தாய்மார்களின் மகள்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. நீங்கள் அவளுக்கு எதையோ ‘கொடுத்துவிட்டதாக’ வருந்த வேண்டியதே இல்லை. உங்கள் அனுபவம் அவளுக்குப் பயன்படும் விதம் ஒன்று உண்டு: அவளுடைய வலியை நீங்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் அடையாளம் காண முடியும்.

எந்தெந்த மரபணுக்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன?

நோயுள்ளவர்களின் முழு மரபணுத் தொகுதியை நோயில்லாதவர்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பெரிய ஆய்வுகள் 2010 முதல் வரத் தொடங்கின. ஜப்பானியப் பெண்களிடம் நடந்த முதல் ஆய்வு 9-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியைச் சுட்டியது. பிறகு 1-ஆம் குரோமோசோமிலுள்ள டபிள்யூ.என்.டி.4 மரபணுவின் பக்கத்துப் பகுதி திரும்பத் திரும்பத் தென்பட்டது. கருவில் பெண் இனப்பெருக்கப் பாதை உருவாவதற்குத் தேவையான மரபணு அது.

2017-இல் வந்த ஆய்வு ஹார்மோன்களை நோக்கி இன்னும் தெளிவாகக் கைகாட்டியது. ஈஸ்ட்ரோஜனை உள்வாங்கும் ஏற்பியை உருவாக்கும் இ.எஸ்.ஆர்.1, சினைமுட்டையை வளர்க்கும் ஹார்மோனின் ஒரு பாகத்தை உருவாக்கும் எஃப்.எஸ்.எச்.பி. ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில் பங்குள்ள மரபணுக்களும் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. நோயின் போக்கோடு சேர்த்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. ஈஸ்ட்ரோஜனால் வளர்ந்து, இருக்கக்கூடாத இடத்தில் ஒட்டிக்கொள்ளும் திசு அல்லவா இது.

என் பார்வையில் மிக முக்கியமானது 2023-இல் வெளியான ஆய்வு. நோயுள்ள 60,674 பெண்களின் மரபணுத் தரவுகளை ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மற்றவர்களோடு ஒப்பிட்டு, 42 மரபணுப் பகுதிகளை அது அடையாளம் கண்டது. அவற்றில் சில, வலி உணர்வோடும் நரம்பு வளர்ச்சியோடும் தொடர்புடையவை. ஒற்றைத் தலைவலி, முதுகுவலி, உடலின் பல இடங்களில் வரும் நாள்பட்ட வலி ஆகியவற்றுக்கும் எண்டோமெட்ரியோசிஸுக்கும் பொதுவான மரபணு அடித்தளம் இருப்பதையும் அந்த ஆய்வு காட்டியது. “எல்லாம் மனப்பிரமை” என்று ஒதுக்கப்பட்ட எத்தனையோ பெண்களின் வலிக்கு உயிரியல் வேர் இருக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று. சினைப்பைக் கட்டியாக வரும் வடிவத்தின் மரபணு அடித்தளம் மேலோட்டமான வடிவத்தினுடையதிலிருந்து வேறுபடுகிறது என்பதும் அதில் தெரியவந்தது.

இந்த 42 பகுதிகளும் சேர்ந்து நோயின் வேறுபாட்டில் சுமார் 5 சதவீதத்தைத்தான் விளக்குகின்றன என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும். மரபணுப் பங்கின் பெரும்பகுதி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அம்மா வழியில் யாருக்கும் இல்லை. அப்பா வழியாக வருமா?

வரும். கண்டறியப்பட்ட மரபணுப் பகுதிகள் ஆண், பெண் இருவரிடமும் ஒரேபோல் இருக்கும் குரோமோசோம்களில் இருக்கின்றன. ஒரு தந்தை அந்த வேறுபாடுகளைச் சுமந்துகொண்டு எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து, மகளுக்குக் கடத்த முடியும். ஆகவே குடும்ப வரலாற்றைக் கேட்கும்போது அத்தையையும் அப்பாவின் அம்மாவையும் விட்டுவிடக்கூடாது. நடைமுறையில் அவர்களைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

மரபணுப் பரிசோதனை செய்து முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாமா?

இப்போதைக்கு முடியாது. எச்சில் அல்லது இரத்த மாதிரியிலிருந்து மரபணுக்களைப் பார்த்து “உங்களுக்கு வரும்”, “வராது” என்று நம்பகமாகச் சொல்லும் பரிசோதனை வழக்கமான சிகிச்சையில் இல்லை. பல மரபணு வேறுபாடுகளைக் கூட்டிப் போட்டுக் கணக்கிடும் ஆபத்து மதிப்பெண்கள் ஆராய்ச்சிக்கு உதவுகின்றன. தனிப்பட்ட ஒரு பெண்ணுக்கு முடிவெடுக்கும் அளவுக்கு அவை துல்லியமானவை அல்ல. அப்படி ஒரு பரிசோதனைக்குப் பணம் செலவிடுவதைவிட, உறவுப் பெண்களிடம் பேசி ஒரு தாளில் எழுதி வைப்பது இன்றைய நிலையில் அதிகப் பயன் தரும்.

திட்டுகளிலேயே மரபணு மாற்றங்கள் இருப்பதாகப் படித்தேன். இது புற்றுநோயா?

புற்றுநோய் அல்ல. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆழமாக ஊடுருவிய திட்டுகள் சிலவற்றில் கே.ராஸ், பி.ஐ.கே.3.சி.ஏ. போன்ற, புற்றுநோய்களில் காணப்படும் மரபணு மாற்றங்கள் இருந்தன. செய்தித் தலைப்பாகப் பார்த்தால் அச்சம் தரும் விஷயம்தான். ஆனால் அந்தப் பெண்களுக்குப் புற்றுநோய் இருக்கவில்லை. ஆரோக்கியமான கருப்பைப் படலத்திலும் இதே மாதிரியான மாற்றங்கள் காணப்படுகின்றன என்று அடுத்துவந்த ஆய்வுகள் காட்டின. மேலும் இவை பிறந்த பிறகு அந்தத் திசுவில் மட்டும் ஏற்படும் மாற்றங்கள். பிள்ளைகளுக்குக் கடத்தப்படுபவை அல்ல.

சினைப்பைப் புற்றுநோயின் சில வகைகளுக்கான ஆபத்து இந்த நோயுள்ளவர்களுக்குச் சற்றே கூடுதல் என்பது உண்மை. பொதுவாக ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.3 சதவீத அளவில் இருக்கிறது; எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கும் அது 2 சதவீதத்துக்கு உள்ளேயே இருக்கிறது. குடும்பத்தில் சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் இருந்தால் அது தனிப் பிரச்சினை, அதைத் தவறாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முக்கியமான அறிகுறிகள் எவை?

முதலில் வருவது மாதவிடாய் வலி. இரத்தப்போக்கு தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பே ஆரம்பித்து, வருடங்கள் செல்லச் செல்ல அதிகமாகும் வலி இது. பிறகு மாதவிடாய் இல்லாத நாட்களிலும் அடிவயிறு, இடுப்பு, தொடை என்று பரவலாம். உடலுறவின்போது ஆழத்தில் ஏற்படும் வலி இன்னொரு முக்கிய அடையாளம். கூச்சத்தால் பெரும்பாலோர் இதைச் சொல்வதில்லை. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நோயைக் கண்டறிய அது பெரிதும் உதவும்.

மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போதோ சிறுநீர் கழிக்கும்போதோ வலித்தால், குடல் அல்லது சிறுநீர்ப்பை அருகே திட்டுகள் இருக்கலாம். அதே நாட்களில் வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், வயிறு உப்புதல் ஆகியவையும் வரும். இவற்றை மட்டும் பார்த்துவிட்டு ‘குடல் எரிச்சல்’ என்று பல வருடங்கள் மருந்து கொடுக்கப்பட்ட பெண்கள் ஏராளம். ஓய்வெடுத்தாலும் தீராத சோர்வு மிகப் பொதுவானது, ஆனால் மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. அதிக இரத்தப்போக்கும் சிலருக்கு இருக்கும். அப்போது கருப்பையின் தசைச் சுவருக்குள்ளேயே இதே போன்ற திசு வளரும் அடினோமயோசிஸ் கூடவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அரிதான இடங்களும் உண்டு. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் திட்டுகள் இருந்தால் மாதவிடாய் நாட்களில் வலது தோள்பட்டை வலிக்கும். மார்புக்கூட்டுக்குள் இருந்தால் அதே நாட்களில் நுரையீரல் சுருங்கி மூச்சுத் திணறலாம்; இதுவும் பெரும்பாலும் வலப்பக்கம்தான். சிசேரியன் தழும்பில் மாதந்தோறும் வீங்கி வலிக்கும் கட்டியும் தொப்புளில் வரும் கட்டியும் இதே நோயாக இருக்கக்கூடும். எந்த உறுப்பாக இருந்தாலும், தொந்தரவு மாதவிடாய் சுழற்சியோடு சேர்ந்து வந்து சேர்ந்து போகிறதா என்பதைக் கவனியுங்கள்.

சிலருக்கு எந்த அறிகுறியுமே இருக்காது. குழந்தையின்மைக்காகப் பரிசோதனை செய்யும்போது தற்செயலாகத் தெரியவரும்.

சாதாரண மாதவிடாய் வலியிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது?

வலி உங்கள் வாழ்க்கையை நிறுத்துகிறதா என்று பாருங்கள். பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியவில்லை, வழக்கமான வலிமாத்திரை பலனளிக்கவில்லை, வாந்தி வருகிறது, மயக்கம் வருகிறது, ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டே போகிறது என்றால் அது பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி அல்ல. தாய்க்கோ சகோதரிக்கோ அத்தைக்கோ இதே போன்ற வலி, சாக்லேட் கட்டி, விளக்கம் கிடைக்காத குழந்தையின்மை, இளம் வயதில் கருப்பை அகற்றம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்திருந்தால் காத்திருக்கவே வேண்டாம். முந்தைய தலைமுறையில் பலருக்கு நோயின் பெயர் சொல்லப்படவே இல்லை. “குடும்பத்தில் யாருக்காவது எண்டோமெட்ரியோசிஸ் உண்டா?” என்று கேட்டால் “இல்லை” என்ற பதில்தான் வரும், “யாருக்காவது மாதவிடாய் நாட்களில் எழுந்திருக்கவே முடியாமல் இருந்ததா?” என்று கேட்டுப் பாருங்கள்.

பதின்வயதுப் பெண்களுக்கும் வருமா?

வரும். முதல் மாதவிடாயிலிருந்தே தொடங்கலாம். சீக்கிரம் பூப்பெய்தியவர்களுக்கும், சுழற்சி குறுகலாக இருப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். பிறவியிலேயே மாதவிடாய் இரத்தம் வெளியேறும் வழியில் அடைப்பு உள்ள சிறுமிகளுக்கும் அப்படியே. அறிகுறி தொடங்கி நோய் உறுதியாவதற்குப் பல நாடுகளில் சராசரியாக ஏழெட்டு வருடங்களுக்கு மேல் ஆகிறது. பதின்வயதில் அறிகுறி தொடங்குபவர்களுக்கு இந்தத் தாமதம் நீள்வதற்கு ஒரு காரணம், “சின்னப் பெண்ணுக்கு இதெல்லாம் வராது” என்ற எண்ணம்.

வலி அதிகமென்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருளா?

இல்லை. அறுவை சிகிச்சையின்போது கண்ணால் பார்த்து நோயை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். அந்த நிலைக்கும் வலியின் அளவுக்கும் நெருங்கிய தொடர்பு இல்லை. முதல் நிலையில் உள்ளவர் படுத்த படுக்கையாகலாம். நான்காம் நிலையில் உள்ளவர் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். திட்டு இருக்கும் இடம், அதில் முளைத்த நரம்புகள், தொடர் வலியால் மூளையும் தண்டுவடமும் வலியை இன்னும் கூர்மையாக உணரப் பழகிவிடுவது ஆகியவைதான் வலியைத் தீர்மானிக்கின்றன.

ஸ்கேன் இயல்பாக இருக்கிறது. நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அனுபவமுள்ள கைகள் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் சாக்லேட் கட்டியும் ஆழமான திட்டுகளும் நன்றாகத் தெரியும். மேலோட்டமான திட்டுகள் பெரும்பாலும் தெரியாது. சி.ஏ.125 என்ற இரத்தப் பரிசோதனையை நோயறிதலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று 2022-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவை உள்ளே செலுத்தும் லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்த பிறகுதான் சிகிச்சை என்ற பழைய கட்டாயத்தையும் அதே வழிகாட்டுதல் தளர்த்தியது. அறிகுறிகள் பொருந்தினால், ஸ்கேன் இயல்பாக இருந்தாலும் மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம்.

குழந்தை பெற முடியுமா?

பலரால் முடிகிறது. நோயுள்ளவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்குக் கருத்தரிப்பதில் சிரமம் ஏற்படுவதாகக் கூறப்படுகிறது. இதற்குச் சினைப்பையும் கருக்குழாயும் ஒட்டிக்கொள்வது, அழற்சி, முட்டைகளின் எண்ணிக்கை குறைவது எனப் பல காரணங்கள் உண்டு. சாக்லேட் கட்டியை அகற்றும் அறுவை சிகிச்சையே முட்டை இருப்பைக் குறைக்கக்கூடும். ஆகவே குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். நோயின் அளவையும் வயதையும் பொறுத்து உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் ஐ.வி.எஃப். உள்ளிட்ட வழிகள் இருக்கின்றன.

கல்யாணம் செய்து குழந்தை பெற்றால் சரியாகிவிடும் என்கிறார்களே?

சரியாகாது. கர்ப்ப காலத்தில் மாதவிடாய் நிற்பதால் சிலருக்கு வலி குறையும், பிறகு திரும்பலாம். ஒரு நோய்க்கு மருந்தாகக் குழந்தை பெறச் சொல்வது மருத்துவமும் அல்ல, நியாயமும் அல்ல. கருப்பையை அகற்றினாலும், வெளியிலுள்ள திட்டுகள் எஞ்சியிருந்தால் வலி தொடரக்கூடும்.

சிகிச்சை என்ன?

அழற்சியைக் குறைக்கும் வலிமாத்திரைகள், கருத்தடை மாத்திரைகள், டையனோஜெஸ்ட் போன்ற புரோஜெஸ்டிரோன் வகை மருந்துகள், ஹார்மோன் வெளியிடும் கருப்பைச் சாதனம் ஆகியவை முதல் படி. அவை போதாதபோது ஈஸ்ட்ரோஜன் சுரப்பைத் தணிக்கும் மருந்துகளும், லேப்ராஸ்கோப்பி வழியாகத் திட்டுகளை அகற்றும் அறுவையும் உண்டு. நோய் திரும்பி வருவது சாதாரணம் என்பதால் அறுவைக்குப் பிறகும் ஹார்மோன் மருந்தைத் தொடரச் சொல்வார்கள். எது பொருந்தும் என்பதை வயது, வலி, குழந்தை விருப்பம் ஆகியவற்றைப் பார்த்து உங்கள் மகப்பேறு மருத்துவர்தான் முடிவு செய்ய முடியும்.

மரபணு ஆராய்ச்சி புதிய மருந்துகளுக்கும் வழி திறக்கிறது. நோய் அதிகமாக வந்த குடும்பங்களிலும், இயல்பாகவே இந்நோய் வரும் ரீசஸ் குரங்குகளிலும் என்.பி.எஸ்.ஆர்.1 என்ற மரபணு சம்பந்தப்பட்டிருப்பதை 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் செயலைத் தடுத்தபோது எலிகளுக்கு அழற்சியும் வலியும் குறைந்தன. ஹார்மோனைத் தொடாமல் வலியைக் குறைக்கும் மருந்து கிடைக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இது அடிப்படை. மனிதர்களுக்கு மருந்தாக வர இன்னும் நீண்ட வழி இருக்கிறது.

முதல் முறை மருத்துவரைப் பார்க்கும்போது என்ன கொண்டு போக வேண்டும்?

இரண்டு மூன்று மாதக் குறிப்புகள். எந்தெந்த நாளில் வலி, எங்கே, எவ்வளவு, எந்த மாத்திரை போட்டீர்கள், பலன் இருந்ததா, மலம் கழிக்கும்போதும் உடலுறவின்போதும் வலித்ததா, எந்த வேலைகளைச் செய்ய முடியாமல் போயிற்று என்பவை அதில் இருக்கட்டும். பழைய ஸ்கேன் அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள். கூடவே இரு வழி உறவுப் பெண்களின் விவரம்: யாருக்குக் கடும் மாதவிடாய் வலி, யாருக்குக் கட்டி, யாருக்குக் குழந்தை தாமதமானது, யாருக்கு எந்த வயதில் கருப்பை எடுக்கப்பட்டது. “குடும்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான், இது சகஜம்” என்று அந்த மருத்துவரும் சொன்னால், இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.